துண்டான விரலை ஒட்ட வைக்கும் டாக்டர் ஆவது எப்படி? சென்னையில் நம்ம ஊர் பிள்ளைகள் படும் பாடு

சேலம்,

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வருவது சினிமாதான். முகம் முழுக்க கட்டுப் போட்டுப் படுத்திருப்பார் ஹீரோ. டாக்டர் கட்டைப் பிரிப்பார். உள்ளே இருந்து வேற முகம் வரும்! இல்லாவிட்டால், நடிகை மூக்கை சரி செய்துகொண்டார், உதட்டை எடுப்பாக்கிக் கொண்டார் என்று கிசுகிசு.

உண்மையில் இந்த டாக்டருக்காக காத்திருப்பவர்கள் வேறு ஆட்கள். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவர், ஆத்தூர் பக்கம் சேகோ பேக்டரியில் வேலை பார்க்கிறவர், நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர், திருச்செங்கோடு ரிக் வண்டியில் ஊர் ஊராய் போகிறவர் என்று எல்லாம் உழைக்கிற ஜனங்கள்.

பெல்ட்டில் மாட்டி நசுங்கிய கை. தட்டு வெட்டும் மிஷினில் துண்டான விரல். சுற்றுகிற ஷாப்டில் கூந்தல் சிக்கி பிய்ந்து வந்த தலைத்தோல். ரிக் வண்டியின் கம்பம் மேலே போகிற கரண்ட் கம்பியில் உரசி கருகிய கை. அடுப்பில் பற்றிய சேலை. இத்தனைக்கும் கடைசியில் போய் நிற்கவேண்டிய இடம் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டுதான்.

இதில் பிளாஸ்டிக் எதுவும் வைத்து தைப்பது கிடையாது. "உருவம் கொடுப்பது" என்று அர்த்தம் வரும் கிரேக்க வார்த்தையில் இருந்து வந்த பெயர் அது. வாளி, குடம் பிளாஸ்டிக் வருவதற்கு முன்பே இந்தப் பெயர் வந்து விட்டது.

மாட்டு வண்டிக்காரர் மூக்கு

இந்த வித்தை வெள்ளைக்காரன் நமக்குக் கற்றுக் கொடுத்தது அல்ல. நம்மிடம் இருந்து அவன் பார்த்துக் கற்றுக் கொண்டது!

திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரில், ஆங்கிலேயர் படைக்கு மாட்டு வண்டி ஓட்டியவர் கவாஸ்ஜி. மராட்டியர். 1792-ல் திப்புவின் படையிடம் சிக்கிக் கொண்டார். அவருடைய மூக்கையும் ஒரு கையையும் வெட்டி விட்டார்கள். அந்தப் போர் முடிந்துதான் சேலம், பாரமகால் சீமை திப்புவிடம் இருந்து கம்பெனி கைக்கு வந்தது.

மூக்கு இல்லாமல் சுமார் ஒரு வருஷம் இருந்தார் கவாஸ்ஜி. அப்புறம் புனே பக்கத்தில், செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருடைய நெற்றித் தோலை உரித்து, வேரை விடாமல் கீழே திருப்பி, புது மூக்கு வைத்து தைத்து விட்டார். கூட நின்று பார்த்த ஆங்கிலேய டாக்டர்கள் அசந்து போனார்கள். 1794 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்துடன் செய்தி வந்தது. அதைப் படித்துத்தான் ஐரோப்பாவில் மூக்கு ஆபரேஷன் சூடு பிடித்தது. நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு செய்யும் அதே முறை இன்றைக்கும் ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. வேர் அறுந்தால் தோல் செத்துப் போகும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் பெயர்தான் எங்கேயும் பதிவாகவில்லை.

பதினொன்றரை வருஷம்

இன்றைக்கு அந்த வேலையைச் செய்ய ஒரு பிள்ளை எத்தனை வருஷம் படிக்கவேண்டும் தெரியுமா?

முதலில் எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம். பிறகு ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். அடுத்து ஒரு நுழைவுத் தேர்வு எழுதி, எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை 3 வருஷம். அதற்கும் மேலே இன்னொரு நுழைவுத் தேர்வு. 2017-ல் இருந்து இது "நீட் சூப்பர் ஸ்பெஷாலிட்டி" என்ற பெயரில் நாடு முழுவதும் நடக்கிறது. அதில் தேறினால் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி 3 வருஷம். கூட்டிப் பாருங்கள். பதினொன்றரை வருஷம். அதுவும் ஒரு பரீட்சையில்கூட சறுக்காமல், நடுவில் ஒரு வருஷம்கூட வீணாகாமல் போனால்!

பிளஸ்-2 முடித்து 18 வயதில் போனவன் வெளியே வரும்போது வயது 30 ஆகி விடும். கூடப் படித்த பையன் இன்ஜினீயரிங் முடித்து, கல்யாணம் செய்து, பிள்ளையை பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பான். இவன் இன்னும் ஆஸ்டல் ரூமில் துணி துவைத்துக் கொண்டிருப்பான்.

நாமக்கல், ராசிபுரம் ஸ்கூல்கள் ஒரு காலத்தில் டாக்டர் சீட்டுக்குப் பேர் போனவை. தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு ரத்தாகி, பிளஸ்-2 மார்க்கை வைத்தே சீட்டு கொடுத்த காலம் அது. 2017-ல் நீட் வந்ததும் அந்தக் கதை முடிந்தது. அப்போது நம்ம ஊர் ஆஸ்டல்களில் விடிய விடிய படித்துப் போன பிள்ளைகளில் சிலர்தான் இப்போது கத்தி பிடிக்கும் இடத்துக்கு வந்திருக்கிறார்கள். விளைய இவ்வளவு காலம் பிடிக்கும் பயிர் இது.

ராயபுரம் பாடம்

அரசு கல்லூரிகளில் இந்தப் படிப்பு என்றால் சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய மூன்றும்தான் முதலில் வரும். மதுரையிலும் உண்டு. ஆகவே நம்ம ஊர் பிள்ளைகள் பெரும்பாலும் பெட்டியைத் தூக்கிக் கொண்டு சென்னைக்குத்தான் ரெயில் ஏறவேண்டியிருக்கிறது.

வடசென்னையில் உள்ள ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு இதில் தனிப் பெயர் உண்டு. பக்கத்திலேயே துறைமுகம், பட்டறைகள், தொழிற்சாலைகள். கையில் அடிபட்டு வரும் தொழிலாளிகளுக்கு குறைவே கிடையாது. டாக்டர் ஆர்.வெங்கடசாமி அங்கே கைக் காயங்களுக்கு என்றே 1971-ல் தனி வார்டு உண்டாக்கினார். அது வளர்ந்து கை அறுவை சிகிச்சைக்கான தனி நிலையமாகவே ஆனது.

2018 பிப்ரவரியில் இதே ஸ்டான்லியில் ஒரு சாதனை நடந்தது. திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கட்டிடத் தொழிலாளி ஒருவர் கரண்ட் அடித்து இரண்டு கைகளையும் இழந்திருந்தார். மூளைச்சாவு அடைந்தவரின் இரண்டு கைகளை அவருக்குப் பொருத்தினார்கள் அரசு டாக்டர்கள். நாட்டிலேயே முதல் கை மாற்று ஆபரேஷன் 2015-ல் கொச்சியில் தனியார் ஆஸ்பத்திரியில் நடந்தது. மூன்றே வருஷத்தில் காசு வாங்காமல் நம்ம தர்மாஸ்பத்திரியில் நடந்தது!

கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி தீக்காய வார்டுக்குப் பேர் போனது. முதல் வருஷ பயிற்சி டாக்டருக்கு அந்த வார்டில் முக்கால்வாசி வேலை டிரெஸ்சிங்தான். பழைய கட்டை நனைத்து, வலிக்காமல் பிரித்து, புண்ணைக் கழுவி, மறுபடி கட்ட வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். வெந்த சதையின் வாடை சட்டையில் ஏறி விடும். அன்றைக்கு மெஸ்சில் என்ன போட்டாலும் இறங்காது.

பெரிய ஊர் வாழ்க்கை

சென்னை என்றதும் பீச், மால் என்று நினைப்போம். பயிற்சி டாக்டருக்குத் தெரிந்த சென்னை வேறு. ஆஸ்டல், கேஷுவாலிட்டி, ஆபரேஷன் தியேட்டர், வாசலில் உள்ள டீக்கடை. இந்த நாலு மூலைக்குள் மூன்று வருஷம் ஓடி விடும்.

மாதாமாதம் அரசு உதவித்தொகை வரும். அதில் இருந்து வீட்டுக்கு அனுப்பவேண்டியவர்களும் உண்டு. கல்யாணம் ஆகி குடும்பத்தோடு போனவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். ஆஸ்பத்திரி பக்கத்தில் வீடு கிடைத்தால் வாடகை கட்டுப்படியாகாது. வாடகை குறைந்த இடத்துக்குப் போனால், ராத்திரி 2 மணிக்கு போன் வரும்போது ஓடி வர முடியாது. பயிற்சி டாக்டர்களுக்கு கல்லூரி தங்கும் இடம் கொடுத்தே தீரவேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ம் ஆண்டு விதி சொல்கிறது. ஆஸ்டலில்தான் இருக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது.

பேச்சு ஒரு தனிக் கூத்து. நம்ம பிள்ளை, "ஏனுங்க, எங்க வலிக்குதுங்க?" என்று கேட்பான். ராயபுரம் நோயாளி, "இன்னா டாக்டரு, கை வருமா வராதா, அத்த சொல்லு" என்பார். ஆறு மாசத்தில் இவனும் "இன்னாபா" என்று பேச ஆரம்பித்து விடுவான்.

ஊர் ஏக்கம் வந்தால் சேலத்துக்காரனுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ், நாமக்கல்காரனுக்கு பழனி எக்ஸ்பிரஸ். ராத்திரி ஏறினால் விடிய ஊர். ஆனால் லீவு? 2023 விதிப்படி வாரம் ஒரு நாள் ஓய்வு, வருஷத்துக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு. "வேலை நிலைமையைப் பொறுத்து" என்று அந்த வாரத்து ஓய்வுக்கு ஒரு வார்த்தை ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை தீபாவளி போனதோ! தட்டுவடை செட்டும் அம்மா கொடுத்து அனுப்பும் மாம்பழமும்தான் பல பேருக்கு ஊர்.

வேலை நேரத்துக்கும் விதி இருக்கிறது. தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லி விட்டது. அது ஏட்டில் இருக்கிறது. 24 மணி நேரம், 36 மணி நேரம் என்று டூட்டி பார்ப்பதாக பயிற்சி டாக்டர்கள் நாடு முழுவதும் குரல் கொடுத்தபடிதான் இருக்கிறார்கள். இது டாக்டர் பிரச்சினை என்று நாம் விட்டு விட முடியாது. லாரி டிரைவர் தூங்காமல் வண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்று நாமக்கல்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். முடியை விட மெல்லிய நூலால் நம்ம விரலைத் தைப்பவரும் கண் விழித்த மனுஷன்தானே?

கோழிக்கால் பயிற்சி

அந்த நூல் கதையைக் கேளுங்கள். விரலில் ஓடும் ரத்தக்குழாய் சுமார் 1 மில்லிமீட்டர் அகலம்தான். பென்சில் முனை போல. அதை தைக்கும் நூல் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் கூட இருக்காது. வெறும் கண்ணுக்கு சரியாகவே தெரியாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கொண்டே தைக்க வேண்டும். கை லேசாக நடுங்கினாலும் குழாய் கிழிந்து விடும். ஒரு தையல் தப்பாக விழுந்தால் ரத்தம் உறைந்து அடைத்துக் கொள்ளும். விரல் கருத்து விடும்.

எடுத்த எடுப்பில் மனுஷன் கையில் விட்டு விடுவார்களா? முதலில் ரப்பர் கையுறையை வெட்டி, அதைத் தைத்துப் பழகுவார்கள். அடுத்தது என்ன தெரியுமா? கறிக்கடை கோழிக்கால்! கோழித் தொடையில் ஓடும் ரத்தக்குழாய் ஓரிரு மில்லிமீட்டர் அளவில், நம்ம விரல் குழாய் மாதிரியே இருக்கும். அதை வெட்டி, ஒட்டி, மறுபடி வெட்டி, ஒட்டி என்று பல நாள் பழகுவார்கள். கோழிக்குப் பேர் போன நாமக்கல் பிள்ளை, சென்னையில் கோழிக்காலை வைத்து கை ஒட்டப் படிக்கிறான்.

இந்த வித்தை ரொம்பப் பழசு இல்லை. 1962-ல் அமெரிக்காவின் பாஸ்டனில், துண்டாகிப்போன 12 வயது பையன் கையை முதன்முதலில் ஒட்ட வைத்தார்கள். துண்டான கட்டைவிரலை மைக்ராஸ்கோப் வைத்து ஒட்டியது 1965-ல் ஜப்பானில். நம்ம தாத்தா காலத்தில் விரல் போனால் போனதுதான்.

விடிய விடிய ஆபரேஷன்

விரல் துண்டாகி ஒருவர் வந்தால், முதலில் எலும்பைக் கம்பி வைத்து நிறுத்துவார்கள். பிறகு விரலை மடக்கி நீட்டும் நரம்புகள், உணர்ச்சி நரம்பு, ரத்தம் கொண்டு போகும் குழாய், திரும்பக் கொண்டு வரும் குழாய் என்று ஒவ்வொன்றாய்த் தைப்பார்கள். ஒரு விரலுக்கே பல மணி நேரம் ஆகும். நாலு விரல் என்றால் விடிந்து விடும். பயிற்சி டாக்டருக்கு அது வகுப்பும், தேர்வும், டூட்டியும் ஒன்றாய் வரும் ராத்திரி.

தைத்து முடித்தாலும் நிம்மதி கிடையாது. விரல் சிவப்பாய் இருக்கிறதா, நீலம் பாய்கிறதா என்று மணிக்கொரு தரம் பார்த்துக் கொண்டே இருக்கவேண்டும். உள்ளே போன ரத்தம் வெளியே வர முடியாமல் தேங்கி விட்டால், அட்டைப்பூச்சியை விரல்மேல் விட்டு உறிஞ்ச வைக்கும் வைத்தியமும் உண்டு. நாட்டு வைத்தியம் என்று சிரிக்காதீர்கள். 2004-ல் அமெரிக்க அரசே அட்டையை மருத்துவ சாதனமாக அங்கீகரித்து விட்டது.

எல்லா விரலையும் ஒட்ட முடியாது. கத்தியால் வெட்டியது மாதிரி சுத்தமாக துண்டானால் வாய்ப்பு அதிகம். பெல்ட்டில் நசுங்கியது, பிய்த்து இழுத்தது கஷ்டம். கட்டைவிரல் என்றால் மட்டும் எப்படியாவது காப்பாற்றப் பார்ப்பார்கள். கை செய்யும் வேலையில் சுமார் 40 சதவீதம் கட்டைவிரலால்தான் நடக்கிறது. ஒட்டவே முடியவில்லை என்றால், பிற்பாடு கால் விரலை எடுத்து கையில் கட்டைவிரலாய் வைக்கும் ஆபரேஷனும் இருக்கிறது.

நம்ம கையில் உள்ளது

இத்தனை வருஷம் படித்த டாக்டர் அங்கே தயாராய் நின்றாலும், விரல் ஒழுங்காய்ப் போய்ச் சேரவேண்டும். அங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். துண்டான விரலை நேராக ஐஸ்கட்டியில் போட்டு எடுத்துப் போனால், அது உறைந்து கெட்டு விடும். மஞ்சள், காபித்தூள், பால், டெட்டால் எதுவும் கூடாது.

சுத்தமான துணியை சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, விரலை அதில் சுற்றுங்கள். தண்ணீர் புகாதபடி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு கட்டுங்கள். அந்தக் கவரை, ஐஸ் போட்ட இன்னொரு கவருக்குள் வையுங்கள். ஐஸ் விரலில் படக்கூடாது, குளிர்ச்சி மட்டும் படவேண்டும். அவ்வளவுதான். பிய்ந்து வந்த தலைத்தோலுக்கும் இதே முறைதான். முடியோடு குப்பையில் போட்டு விடாதீர்கள். விரல் தோலில் தொங்கிக் கொண்டிருந்தால் அறுத்து எடுக்காமல் அப்படியே கட்டிக் கொண்டு வாருங்கள்.

கையில் ரத்தம் கொட்டினால் துணி வைத்து அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். கயிறு போட்டு இறுக்குவது வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் டீ, சோறு, சரக்கு எதுவும் கொடுக்கக் கூடாது. அடிபட்ட நேரத்தை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.

நேரம் ரொம்ப முக்கியம். விரலில் சதை குறைவு. அதனால் குளிர்ச்சியாய் வைத்திருந்தால் பல மணி நேரம் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் சதை அதிகம். சுமார் 6 மணி நேரம்தான் கணக்கு. சேலத்தில் இருந்து சென்னை 340 கிலோ மீட்டர். கையை எடுத்துக் கொண்டு அங்கே ஓடுவதற்குள் நேரம் போய் விடும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. கோவை கங்கா ஆஸ்பத்திரியில் 1991-ல் டாக்டர் எஸ்.ராஜசபாபதி ஆரம்பித்த பிரிவுக்கு வெளிநாட்டு டாக்டர்களே வந்து படித்துப் போகிறார்கள். எங்கே போவதாக இருந்தாலும், போகும் வழியிலேயே போன் போட்டு, "விரல் ஒட்டுற டாக்டர் இப்ப இருக்காருங்களா?" என்று கேட்டு விட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

தீக்காயத்துக்கு பேஸ்ட், மாவு, மை தடவாதீர்கள். 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஆபரேஷன் முடிந்து விரல் ஒட்டி விட்டால், பீடி, சிகரெட்டை மறந்து விட வேண்டும். புகை ரத்தக்குழாயை சுருக்கி விடும். ராத்திரி பூரா தைத்த விரல் ஒரு பீடியில் போய் விடும். பக்கத்து பெட்காரர் ஊதினால்கூட ஆபத்துதான்.

பிள்ளை பிறக்கும்போதே

இன்னொரு விஷயத்தையும் சொல்லி விட வேண்டும். உதடு பிளந்து பிறக்கும் குழந்தைகள். சுமார் 700 பிறப்புக்கு ஒன்று இப்படி வருகிறது. "கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தா, அதான்" என்று தாயைத் திட்டுவார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வயிற்றில் முதல் மூன்று மாதத்துக்குள் உதட்டின் இரண்டு பக்கமும் வந்து சேராமல் நின்று விடுவதுதான் காரணம். இதையும் தைத்து சரி செய்வது பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர்கள்தான். உதட்டை சில மாதக் குழந்தையிலேயே தைத்து விடலாம். மேல் அண்ணம் பிளந்திருந்தால் பேச்சு வருவதற்கு முன்பே மூட வேண்டும். பள்ளிக்கூடம் சேர்க்கும் வரை தள்ளிப் போட்டால் மூக்கால் பேசும் பேச்சு நிலைத்து விடக்கூடும்.

திரும்பி வருவார்களா?

படித்து முடித்த பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? குறிப்பிட்ட காலம் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பேன் என்று பாண்டு எழுதிக் கொடுத்துத்தான் அரசுக் கல்லூரியில் சேருகிறார்கள். அது முடிந்ததும் பெரிய ஊரிலேயே தங்கி விடுகிறவர்கள் உண்டு. மூக்கு, முடி நடுவதில் காசு பார்ப்பவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? 30 வயது வரை சம்பாதிக்காமல் இருந்தவர்கள்.

அதனால்தான் தமிழக அரசு 2020-ல் ஒரு உத்தரவு போட்டது. சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களில் பாதியை, ஏற்கனவே அரசு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் டாக்டர்களுக்கு ஒதுக்கியது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2022 மார்ச்சில் அந்த வருஷ சேர்க்கையில் ஒதுக்கீட்டை அமல்படுத்த கோர்ட்டு அனுமதி கொடுத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த டாக்டர் படித்து விட்டு மறுபடி அரசு ஆஸ்பத்திரிக்கே வருவார் என்பதுதான் கணக்கு.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்ததும் அதே 2020-ல்தான். தறிக்காரர் வீட்டுப் பிள்ளையும், கோழிப்பண்ணை வேலைக்காரர் வீட்டுப் பிள்ளையும் எம்.பி.பி.எஸ். சேர்ந்தது அப்படித்தான். அந்த முதல் செட்டில் இருந்து ஒரு பிள்ளை பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டராகி, அப்பன் வேலை செய்த பட்டறையில் அடிபட்டு வருகிறவருக்கு விரல் ஒட்ட வேண்டும் என்றால், எம்.எஸ்., எம்.சிஎச். இரண்டும் முடிக்க வேண்டும். எப்படி அவசரப்பட்டாலும் 2032 ஆகி விடும்.